ஒன்பது சிவப்புப் புள்ளிகள்

பந்தலில் மேளம் ஓய்ந்துவிட்டது. சபை முழுவதும் மேடையைப் பார்த்தபடி இருக்கிறது. விழாவுக்குரிய மனிதரோ சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேடையின் பின்பக்கம் தொங்கிய ஊர்ப் படத்தில் மூக்கு முட்ட நிற்கிறார். கழுத்து மாலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் சுட்டுவிரலால் ஊரின் சந்துகளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

மேடை ஓரத்துக் கதிரையில் நான். மடியில் சுருட்டிய வாழ்த்துப் பத்திரம். அதை வாசிக்க வேண்டியவளும் நான்தான்.

விரல் புளியடிக் கிணற்றுக்கு வந்து நின்றது. கிணற்றுக்கு நான் போட்ட கறுப்பு வட்டம் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தப் புள்ளியை விட்டுவிட்டுப் படம் கீறியவளும் நான்தான்.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் பிரம்பு பிடித்த கதையை எழுதியதற்கு மூன்று பேர் கோபித்துக் கடிதம் போட்டிருக்கிறார்கள். இந்தக் கிழமை கோபிக்கப் போகிறவர்கள் இன்னும் கூட. ஆகையால் ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன். பண்டத்தரிப்புக்குக் கிட்ட என்று வைத்துக்கொள்ளுங்கள். காலம், இரண்டாவது மகாயுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னம். நான் ஊர்ப் பெண் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். கலியாணம் செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை. அண்ணை வீட்டில் இருந்தேன். அண்ணை ஊருக்கு விதானை. அரசாங்கம் வைத்த தலைமைக்காரர். அவர் தொண்டையைச் செருமினால் ஒழுங்கையில் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள்.

வரம்பு ஏன் வளைகிறது

படத்தை முட்டிக்கொண்டு நின்ற மனிதர் இளையதம்பி மாஸ்ரர். யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் பூமிசாத்திரம் படிப்பித்தார். முதலில் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்தவர். சங்கிலி இழுத்து அளந்து அலுத்துப்போய், கல்கத்தாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். எங்கள் ஊரைப் படம் கீறிக் கட்டுரை எழுத வந்திருந்தார். மனிதர் என்னவோ சாதாரணம். கட்டை உருவம், வெள்ளெழுத்துக் கண்ணாடி, கக்கத்தில் குடை, கையில் எண்ணெய் பட்ட கொப்பி.

ஆனால் அவர் கேட்கிற கேள்விகள் இருக்கின்றனவே, அவை ஒரு சாதியிலும் சேராத கேள்விகள். மண் என்ன நிறம், தண்ணீர் எத்தனை முழத்தில் என்று கேட்பார். அது பூமிசாத்திரம், சரி. அடுத்த மூச்சில், இந்தக் காணிக்காரன் அடுத்த காணிக்காரனோடு கதைக்கிறவனா என்று கேட்பார். எங்கள் ஊரில் ஒரு ஒழுங்கை நேரே போய், ஒரு காரணமும் இல்லாமல் முழங்கை மாதிரி மடங்கி, திரும்ப நேராகும். அங்கே பாறையும் இல்லை, பள்ளமும் இல்லை. மாஸ்ரர் இரண்டு நாள் அதில் நின்று விசாரித்தார். கடைசியில் ஒரு கிழவர் சொன்னார். அவருடைய பூட்டனும் பக்கத்து வளவுக்காரரின் பூட்டனும் ஒரு பலாமரத்துக்காகக் கொழுவியதில் வேலி தள்ளிப் போனதாம். மரம் பட்டு எத்தனையோ காலம். மாஸ்ரர் அதையும் கொப்பியில் எழுதினார்.

இதைப் பார்த்த ஊருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இவர் படம் கீற வந்தவரோ, ஊர்வம்பு விடுப்புப் பார்க்க வந்தவரோ என்று கேட்டார்கள். நானே ஒரு நாள் அவரிடம் கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

“மண்ணைக் கேட்டால் பாதிதான் சொல்லும், ரீச்சர். மிச்சத்தை மனிசரைத்தான் கேக்கவேணும்” என்றார்.

இப்போது அதற்கு மானிடவியல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூமிசாத்திரத்தையும் அதையும் ஒரே கொப்பியில் எழுதலாம் என்று அந்த மனிதருக்கு அப்போதே தெரிந்திருந்தது. எங்களுக்கு அது பைத்தியம் என்று பட்டது.

நிழலை அளந்த பெண்கள்

கிணறுகளைக் கணக்கெடுக்கும்போது மாஸ்ரருக்குச் சங்கடம் வந்தது. கிணற்றடி பெண்களின் இடம். வேற்று ஆம்பிளை கொப்பியோடு போய் நின்றால் பதிலா கிடைக்கும்? அண்ணையிடம் வந்து, படம் கீறத் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார். நான் பயிற்சிக் கல்லூரியில் படம் கீறுவதில் கெட்டிக்காரி. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான். அண்ணையும் தன் மனைவியான மச்சாளைத் துணைக்கு விட்டு என்னை அனுப்பினார். மச்சாள் முதல் நாளே கால் நோகிறதென்று முனகத் தொடங்கினாள்; முடிகிற வரைக்கும் முனகினாள்.

கிணறு என்றால் கறுப்பு வட்டம். நல்ல தண்ணீருக்கு ஒரு கோடு, உவர்த் தண்ணீருக்கு இரண்டு கோடு. இதெல்லாம் சுகமான வேலை. பிறகு மாஸ்ரர் ஒரு சிவப்பு மைப் போத்தலைக் கொண்டுவந்து தந்தார்.

இதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சில சாதி ஆக்கள் கிணற்றில் அள்ளக்கூடாது. கிணற்றுக்கட்டில் ஏறவும் கூடாது. குடத்தோடு தள்ளி ஒரு இடத்தில் நிற்க வேண்டும். அள்ள உரிமையுள்ள ஒருத்தி வந்து, மனம் வைத்து, அவர்களின் குடத்தில் ஊற்றிவிட வேண்டும். அதுவரை காத்திருப்பு. மாஸ்ரர் அந்த நிற்கிற இடங்களைத்தான் சிவப்பில் குறிக்கச் சொன்னார். அப்படி ஒன்பது இடம் எங்கள் ஊரில் இருந்தது. பிறந்த நாளிலிருந்து பார்த்த இடங்கள். அவை ஒரு படத்தில் வரக்கூடியவை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்றும் கேட்கச் சொன்னார். அவர்களிடம் ஏது மணிக்கூடு? தோட்டத்துக்கு நீர் இறைக்கிறவர்கள் முறை மாறுவதற்குத் தங்கள் நிழலைத் தாங்களே காலடியால் அளப்பார்கள். மாஸ்ரர் அதையே பிடித்துக்கொண்டார். புளியடிக் கிணற்றுக்கு எதிரே பூவரச மரத்தடியில் நிற்கிற வள்ளியிடம் கேட்டேன். வள்ளி புகையிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவள். நிழல் பத்தடி இருக்கும்போது வருவாளாம், நாலடியாகும்போது போவாளாம். அன்றைய காலைக் கூலி வேலை அத்தோடு போய்விடும். சில நாள் வெறுங்குடத்தோடும் போயிருக்கிறாள். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னாள்.

நான் அந்தக் கணக்கை மாஸ்ரரிடம் கொடுத்தபோது கொஞ்சம் பெருமையோடு, வள்ளிக்கு அநேகமாக நான்தான் ஊற்றிவிடுகிறவள் என்றும் சொன்னேன். அவர் கொப்பியைப் பார்த்தபடியே கேட்டார்.

“எவ்வளவு உயரத்திலையிருந்து ஊத்துறனீங்கள், ரீச்சர்?”

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. குடத்தில் வாளி முட்டிவிடக் கூடாதென்று ஒரு முழம் உயர்த்தி ஊற்றுவேன். பாதி வெளியே சிந்தும். ஒரு முழம் என்றேன். அவர் ஒரு முழம் என்று எழுதிக்கொண்டார். அன்று எனக்கு வந்த வெட்கம் சொல்லி மாளாது. கோபமும் வந்தது. இரண்டு நாள் அவருடைய கொப்பியை நான் தொடவில்லை.

சீமையில் எங்கள் ஊர்

வருஷம் மூன்று போனது. மாஸ்ரர் எழுதிய கட்டுரை, நான் கீறிய படத்தோடு, சீமையில் ஒரு சஞ்சிகையில் அச்சாகி வந்தது. எங்கள் ஊரின் பெயர் இங்கிலீசு எழுத்தில் பளிச்சென்று இருந்தது. அதைக் கண்டதும் அண்ணைக்குத் தலைகால் தெரியவில்லை. சஞ்சிகையை ஒரு பட்டுத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஊரின் பெயரை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். உள்ளே இருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை. வாசித்தவள் நான். வாயைத் திறக்கவில்லை.

மாஸ்ரருக்கு விழா எடுக்க ஒரு சபை கூடியது. அண்ணை தலைவர். படத்தைப் பெரிதாகத் துணியில் கீறி மேடையில் தொங்கவிடுவதென்று தீர்மானம். சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து, அவை பூசணிக் குழிகள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, புற்றுகள் என்றார் இன்னொருவர். நல்லூரிலிருந்து எங்கள் உறவுக்காரப் பிரக்கிராசியார் வந்தார். கோர்ட்டில் வழக்குப் பேசுகிறவர், இங்கிலீசு தண்ணீர் பட்ட பாடு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தின் கீழே இருந்த குறிப்பை வாசித்தார். வாசித்துவிட்டு அண்ணையைத் தனியே கூப்பிட்டார்.

அண்ணை என்னிடம் வந்தபோது முகம் கறுத்திருந்தது. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

“மாஸ்ரரைக் கௌரவிக்கவோ, இல்லை, எங்களை நாங்களே சபையிலை வைச்சு அவமானப்படுத்தவோ? ஒண்டைச் சொல்லு பிள்ளை. உந்தப் புள்ளியள் இருந்தால் விழா இல்லை.”

புள்ளியோடு படம், அல்லது மாஸ்ரருக்கு மரியாதை. இரண்டில் ஒன்று. நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மனிதர் வெயிலில் அலைந்து செய்த வேலை. ஒரு மாலையாவது அவர் கழுத்தில் விழட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணை வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அவரை எதிர்க்கத் துணிவு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒருவரும் என் கையை முறுக்கவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைத் துணியில் இரண்டு பின்னேரம் இருந்து கீறினேன். ஒழுங்கைகள் எல்லாம் வந்தன, கிணறுகள் எல்லாம் வந்தன. சிவப்பு மைப் போத்தலைத் திறக்கவில்லை.

பந்தலுக்குத் திரும்புவோம்

மாஸ்ரர் விரலை எடுத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அண்ணை கண்காட்டினார், நான் எழும்பிப் பத்திரத்தை வாசித்தேன்.

பத்திரம் பிரக்கிராசியார் எழுதியது. சொல்லுக்குச் சொல் சர்க்கரை. நடுவில் ஒரு வரி வந்தது: இப்பெருமகனார் எம்மூரைத் தீட்டிய இப்படத்தில் ஒரு புள்ளி கூடவுமில்லை, ஒரு புள்ளி குறையவுமில்லை, உள்ளது உள்ளவாறே உளது. எழுதினவருக்கு எழுதும்போது உறைக்கவில்லையா, அல்லது உறைத்துத்தான் எழுதினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு அந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு வாசித்து முடித்தேன். சபை கைதட்டியது. பந்தலுக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் தட்டினார்கள். அவர்களுக்குள் வள்ளியும் நின்றாள்.

அண்ணை பொன்னாடையைப் போர்த்தினார். மாஸ்ரர் பேச எழும்பினார். அவருக்கு மேடைத் தமிழ் வராது. எங்களோடு கதைப்பது போலவேதான் கதைத்தார்.

“இது நான் குடுத்த படமில்லை” என்று தொடங்கினார். அண்ணையின் கை கதிரைப் பிடியை இறுக்கியது.

“நான் மூண்டு வருஷத்துக்கு முன்னம் வந்தபோது, இந்த ஊரிலை ஒன்பது இடத்திலை சனம் தண்ணிக்குக் காத்து நிண்டது. என்ரை படத்திலை அது சிவப்பாக் கிடக்கு. இண்டைக்கு ஊர் கீறின படத்திலை ஒரு இடமும் இல்லை. தவறி விட்டுப்போச்சோ எண்டு பாத்தன். இல்லை. ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை எண்டு ஊரே எழுதி வாசிச்சுப்போட்டுது. அப்ப இனி இங்கை ஒருத்தரும் காத்து நிக்கிறதில்லை. எனக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டாம். என்ரை படம் பழசாப் போச்சு எண்டு சீமைக்கு எழுதப்போறன்.”

அவ்வளவுதான் பேச்சு. கும்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

சபையில் இருந்தவர்கள் அண்ணையின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் கைதட்டல் வந்தது.

மாஸ்ரர் வெகுளி, படத்தை நம்பி ஏமாந்துபோனார் என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அன்று காலை அவரை மாட்டுத் திருக்கல் வண்டியில் கூட்டிவந்தது புளியடி ஒழுங்கையால்தான். பூவரசின் கீழே நான்கு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். வண்டிக்குள் அவருக்கு எதிரே இருந்தது நான். அவர் எட்டிப் பார்த்ததை நான் கண்டேன். தெரிந்துதான் சொன்னார்.

மறந்துபோச்சு எண்டு சொல்லு

மத்தியானம் வீட்டில் வடையும் பாயசமும் தொடுவாரில்லாமல் இருந்தன. பிரக்கிராசியார்தான் வழி கண்டுபிடித்தார். சட்டம் படித்தவருக்கு வழியா இல்லை? படம் கீறினது பெண்பிள்ளை. கைத்தவறாகப் புள்ளிகளை விட்டுவிட்டாள். அப்படி அவளே மாஸ்ரருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டால் அவர் சீமைக்கு எழுதமாட்டார். ஊருக்கும் விளங்கிவிடும். எல்லாம் முன்னைப்போல நடக்கும்.

அண்ணை என்னைப் பார்த்தார். வேறு யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத மனிதர்.

“மறந்துபோச்சு எண்டு சொல்லு, பிள்ளை. ஒரு சொல்லுத்தானே.”

காலை மேடையில் நாக்கு ஒட்டிக்கொண்டவள்தான். ஆனால் அந்த நேரம் எனக்குத் துளியும் பயம் இருக்கவில்லை. ஒரு பொய்யை என் கையால் கீறியாயிற்று. அதற்குக் காவலாக இன்னொரு பொய்யை எழுத என்னால் முடியாது.

“நான் மறக்கேல்லை, அண்ணை. நீங்கள் சொன்னீங்கள், நான் விட்டனான். கடிதம் எழுதச் சொன்னால் அப்பிடித்தான் எழுதுவன். வேணுமெண்டால் நாளைக்கே நல்லூருக்குச் சின்னம்மா வீட்டை போறன்.”

பிரக்கிராசியார் எழும்பிச் சால்வையைத் தோளில் போட்டார். மச்சாள் ஒரு வடையை எடுத்து என் தட்டில் வைத்தாள். அந்த வீட்டில் அவள் எனக்கு எடுத்த ஒரே கட்சி அதுதான்.

புளியடி

அடுத்த நாள் காலையில் நடந்ததைச் சொல்ல முன்னம் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் சொல்வது ஒரு கிணற்றின் கதை. மற்ற எட்டு இடத்திலும் சனம் இன்னும் பல வருஷம் நின்றது. சில வளவுகளில் கிணற்றடிக்குக் கதவும் பூட்டும் வந்தன. மாஸ்ரர் அதையும் வந்து குறித்துக்கொண்டு போனார்.

புளியடிக்கு நான் குடத்தோடு போனபோது கிணற்றுக்கட்டில் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். எல்லோரும் ஒழுங்கைப் பக்கமே பார்த்தார்கள். வள்ளி வந்தாள். பூவரசடியில் மற்றப் பெண்கள் நிற்க, அவள் மட்டும் நிற்கவில்லை. அதைத் தாண்டி வந்தாள். கிணற்றுக்கும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், மணலில் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணை வேப்பங்குச்சியால் பல்லைத் தீட்டிக்கொண்டு ஒழுங்கையால் வந்தார். நாள்தோறும் வருகிற மனிதர் அல்ல. என்ன நடக்கிறதென்று பார்க்கத்தான் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வள்ளி அவரைக் கண்டும் விலகவில்லை. என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

“நாச்சியார், நேற்று வேலிக்கு அங்காலை நிண்டு கேட்டனாங்கள். நாங்கள் நிக்கிற இடம் படத்திலை இல்லையாம். அப்ப நான் எங்கை நிக்கிறது?”

நான் நின்ற இடத்தைவிட்டு ஒரு அடி விலகினேன். வாளி தொங்கும் துலாக்கொடியை அவள் பக்கம் நீட்டினேன்.

“இங்கை” என்றேன்.

கட்டில் நின்ற ஒரு மாமி அண்ணையிடம், விதானையார் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறாரே என்று கேட்டாள். அண்ணை வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அவரை எனக்குத் தெரியும். வள்ளிக்காக இரங்கினவர் அல்ல அவர். ஆனால் சீமை வரைக்கும் போகப்போகிற சொல்லை, புளியடியில் ஒரு குடத்துக்காகப் பொய்யாக்க அவருடைய மானம் இடம் கொடுக்காது.

“சபையிலை எழுதி வாசிச்ச சொல்லு. நான் பொய்யன் எண்டு சொல்லப்போறியளோ? விலத்தி விடுங்கோ, அள்ளட்டும்.”

சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

வள்ளி கிணற்றுக்கட்டில் ஏறினாள். கொடியைப் பிடித்தாள். உடனே இறக்கவில்லை. குனிந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள், அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்தக் கிணற்றின் உள்ளே எட்டிப் பார்த்தாள்.